மடியில் ஒரு போத்தல் தண்ணீர்

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை இரவு, வீட்டில் எல்லாரும் சேர்ந்து 'லைஃப் ஆஃப் பை' படம் பார்த்தோம். 2012-இல் அது வெளிவந்தபோதே நான் திரையரங்கில் பார்த்துவிட்டேன். பத்து வயது மகளுக்குத்தான் புதிது. பாம்பே ஜெயஸ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டு தொடங்கியதும், "அப்பா, தமிழ்ப் பாட்டு!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தவள், படம் முடியும்வரை அசையவில்லை. அந்தத் தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது பலருக்கு நினைவிருக்கும்.

கதை உங்களுக்குத் தெரியும். புதுச்சேரிப் பையன் ஒருவன், கப்பல் மூழ்கியபின் ஓர் உயிர்காப்புப் படகில் வங்கப்புலியோடு 227 நாட்கள் பசிபிக் கடலில் தவிக்கிறான். படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: "இதெல்லாம் நிஜமா நடக்குமாப்பா?"

"புலி நடக்காது. மத்ததெல்லாம் நடந்திருக்கு" என்றேன்.

சும்மா சொல்லவில்லை. அந்தப் படத்தை எடுத்தபோது இயக்குநர் ஆங் லீ ஆலோசனைக்கு அழைத்தது ஓர் அமெரிக்கரை. பெயர் ஸ்டீவன் கலஹன். நடுக்கடலில் ஒருவன் எப்படி உட்காருவான், எதை வைத்து மீன் பிடிப்பான், தண்ணீரை எப்படிச் சேர்ப்பான் என்பதெல்லாம் அவருக்கு அனுபவப் பாடம். 1982-இல் அட்லாண்டிக் கடலில் ஒரு ரப்பர் மிதவையில் 76 நாட்கள் தனியாக மிதந்து உயிரோடு கரை சேர்ந்தவர் அவர்.

கலஹன் படகு வடிவமைப்பாளர். தானே வடிவமைத்துக் கட்டிய பாய்மரப் படகுக்கு 'நெப்போலியன் சோலோ' என்று பெயர் வைத்திருந்தார். நீளம் ஆறரை மீட்டர். இரண்டு மைவி கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால், அந்த நீளம்கூட வராது. அந்தப் படகில் 1982 ஜனவரி 29-ஆம் தேதி, கேனரி தீவுக் கூட்டத்தின் எல் ஹியேரோ தீவிலிருந்து கரிபியன் கடலில் இருக்கும் ஆண்டிகுவாவுக்குத் தனியாகப் புறப்பட்டார்.

பிப்ரவரி 4-ஆம் தேதி இரவு. காற்றும் அலையும் கடுமையாக இருந்தன. உள்ளே படுத்திருந்தவரின் படகை ஏதோ ஒன்று பலமாக மோதியது. திமிங்கிலமாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மிதவையை ஊதவைத்து அதில் ஏறினார். உயிர் தப்பியாயிற்று.

ஆனால் அத்தோடு அவர் நிற்கவில்லை. நீர் புகாத அறைகள் வைத்துக் கட்டிய படகு என்பதால் அது உடனே மூழ்காமல் பாதி முங்கிய நிலையில் மிதந்துகொண்டிருந்தது. இருட்டில், அலையில், தண்ணீர் நிறைந்த அந்தக் கூண்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி முங்கினார். முன்கூட்டியே கட்டி வைத்திருந்த அவசரகாலப் பையை அறுத்து எடுத்தார். கொஞ்சம் உணவு, கடல் வரைபடம், மீன் குத்தும் ஈட்டித் துப்பாக்கி, கைவிளக்கு, வெளிச்சக் குண்டுகள் என்று கிடைத்தவற்றை மிதவைக்குக் கொண்டுவந்தார். விடிவதற்குள் படகையும் மிதவையையும் இணைத்திருந்த கயிறு அறுந்துபோனது.

விடிந்தபோது கணக்கு இதுதான்: ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ உணவு, நான்கு லிட்டர் தண்ணீர். மிதவையோ ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்க முடியாத அளவு. காற்றும் நீரோட்டமும் மேற்கே இழுக்கின்றன. அந்தத் திசையில் கரை இருப்பது 1,800 கடல் மைலுக்கு அப்பால். நம் கணக்கில் சொன்னால் 3,300 கிலோமீட்டர்.

இந்த இடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கலஹனைப் பற்றி நான் தேடிப் படித்ததே அதனால்தான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், லூமுட்டிலிருந்து மீன் பிடிக்கப் படகெடுத்துப் போனோம். நான், என் தாய்மாமா, இரண்டு மச்சான்கள், அலுவலக நண்பர் ஒருவர், படகோட்டும் தெக்கோங். மாசி மகத்துக்குப் பங்கோர் தீவுக்குப் போய் வந்து பழகிய கடல்தானே என்ற தைரியம். காலை பதினொரு மணிக்கு இயந்திரம் இருமியது, இழுத்தது, நின்றுவிட்டது. தெக்கோங் மூடியைத் திறந்து என்னென்னவோ செய்து பார்த்தார். கிளம்பவில்லை. கைப்பேசியில் கோடு ஒன்றுகூட இல்லை. படகு தன் பாட்டுக்கு மிதந்து போக ஆரம்பித்தது.

முதல் பத்து நிமிடம் சிரித்தோம். படம் எடுத்தோம். பிறகு வெயில் ஏறியது. கொண்டுபோனது பன்னிரண்டு சின்னப் போத்தல் தண்ணீர். பயத்தில் தாகம் எடுக்குமா என்று தெரியாது, எங்களுக்கு எடுத்தது. கச்சானையும் முறுக்கையும் மென்றுகொண்டே குடித்தோம். ஒரு மச்சான் இரைப் புழு பிடித்த கையை நல்ல தண்ணீரில் கழுவினான். நண்பர் தலையில் ஊற்றிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் பதினொரு போத்தல் காலி.

பன்னிரண்டாவது, மாமாவின் மடியில் இருந்தது. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு, படகின் நிழல் விழும் பக்கம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மச்சான் கை நீட்டியபோது மட்டும் வாயைத் திறந்தார்: "எல்லாத்தையும் இப்பவே குடிச்சிட்டா சாயந்திரம் என்னத்தடா குடிப்பே?"

"சாயந்திரம்" என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்குக் குளிர் எடுத்தது. அதுவரை, இதோ யாராவது வந்துவிடுவார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யார் வருவார்கள்? எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சரியாகச் சொல்லிவிட்டு வரவில்லை. பாதுகாப்புச் சட்டைகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வலைக்கு அடியில் கிடந்தன. கிளம்பும்போது இரண்டு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்திருந்தேன்.

ஒரு மணியளவில் தூரத்தில் ஒரு படகு போனது. கத்தினோம், கை ஆட்டினோம். அது பாட்டுக்குப் போய்விட்டது. அதன்பிறகு யார் தவறு என்று சண்டை. கத்திக் கத்தி தொண்டை இன்னும் காய்ந்தது. மூன்று மணிக்கு மாமா போத்தலைத் திறந்தார். மூடியில் ஊற்றி, முதலில் தெக்கோங்குக்கு, பிறகு ஆளுக்கு ஒரு மூடி. அரை மணிக்கு ஒரு முறை. நான்கரை மணிக்கு மீன்பிடிப் படகு ஒன்று எங்களைப் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்தது. அப்போதும் மாமாவின் போத்தலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஐந்தரை மணி நேரம். அவ்வளவுதான் எங்கள் பேரிடர். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கலஹனுக்கு 76 நாட்கள்.

அவர் என்ன செய்தார் என்று படித்தபோது, எனக்கு ஒவ்வொரு பக்கத்திலும் மாமா தெரிந்தார்.

முதலில் தண்ணீர். சுற்றிலும் தண்ணீர், ஆனால் குடிக்க முடியாது. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு அடர்த்தியாக உப்பை வெளியேற்ற முடியாது. ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால், அந்த உப்பைக் கழுவித் தள்ள உடம்பு ஒரு லிட்டருக்கும் அதிகமான நீரைச் செலவழிக்க வேண்டும். குடிக்கக் குடிக்கக் காய்ந்து போவோம். உணவும் அப்படித்தான். மீன், இறைச்சி போன்ற புரத உணவைச் செரித்துக் கழிவை வெளியேற்றவும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாதவன் சாப்பிடாமல் இருப்பதே மேல். உப்புக் கச்சானை மென்ற நாங்கள் எவ்வளவு பெரிய அறிவாளிகள் என்று இப்போது புரிகிறது.

கலஹனிடம் வெயிலில் கடல்நீரை நன்னீராக்கும் கருவிகள் மூன்று இருந்தன. பந்து மாதிரி ஊதும் பிளாஸ்டிக் உறை, உள்ளே கறுப்புத் துணி. துணியைக் கடல்நீர் சொட்டுச் சொட்டாக நனைக்கும். வெயிலில் அது ஆவியாகி, பிளாஸ்டிக்கின் உட்புறம் துளித்துளியாகப் படிந்து, வழிந்து சேரும். சோறு வெந்த பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்தால் நிற்குமே, அதே நீர்தான். ஆனால் கருவிகள் முதலில் சரியாக வேலை செய்யவில்லை. உப்புநீர் கலந்தது. அவர் ஒன்றை அறுத்துப் பிரித்து, அது எப்படி இயங்குகிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். மூன்றில் ஒன்றைப் பலி கொடுத்து இரண்டைக் காப்பாற்றும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? மழைநீரையும் சேர்த்து, சராசரியாக நாளுக்கு அரை லிட்டர் கிடைத்தது. நாம் காலைக் கோப்பிக்கும் பசியாறலுக்கும் இடையில் குடித்துவிடும் அளவு அது.

அடுத்து உணவு. ஈட்டித் துப்பாக்கியின் விசைப்பட்டை தொடக்கத்திலேயே தொலைந்துபோனது. அம்பை அதன் தண்டோடு சேர்த்துக் கட்டி வெறும் ஈட்டியாக்கினார். முதல் மீன் சிக்கப் பல நாட்கள் ஆயின. டொராடோ என்றும் மஹி மஹி என்றும் சொல்லப்படும் பெரிய மீன்கள் மிதவையின் நிழலைத் தேடி வந்து கூடவே நீந்தின. மிதவைக்கு அடியில் சிப்பிகள் ஒட்டி வளர்ந்தன. அவற்றைத் தின்ன டிரிக்கர் மீன்கள் வந்தன. கடலில் போகும் ஒரு சிறு கிராமம்போல ஆகிவிட்டது அது. அந்தக் கிராமத்திலிருந்துதான் அவர் சாப்பிட்டார்.

எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டும். பென்சில்களைச் சேர்த்துக் கட்டிக் கோணம் அளக்கும் கருவி செய்தார். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே நாம் நிற்கும் அட்சரேகை. அதை வைத்து, தீவுகள் இருக்கும் திசையைவிட்டு வடக்கிலோ தெற்கிலோ விலகிவிடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். மிதவையைத் திருப்ப வழியில்லை. ஆனாலும் நாள்தோறும் கணக்குப் போட்டார்.

இதற்கெல்லாம் ஒரு கால அட்டவணை இருந்தது. காலையில் உடற்பயிற்சி. பிறகு கருவிகளைச் சரிபார்ப்பது, காற்று குறைந்த இடத்தில் ஊதுவது, மீன் பிடிப்பது, கீறிக் காயவைப்பது, இருக்கும் இடத்தைக் கணிப்பது, குறிப்பு எழுதுவது. தண்ணீரும் காய்ந்த மீனும் கொஞ்சமாவது கையிருப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்வது. படித்துக்கொண்டே வந்தபோது எனக்கு என் அம்மாவின் சமையலறைதான் நினைவுக்கு வந்தது. மாதக் கடைசியில் அரிசி டப்பாவை அவர் எட்டிப் பார்க்கும் அந்தப் பார்வை.

43-ஆம் நாள் பெரிய அடி விழுந்தது. ஈட்டி குத்திய ஒரு மீன் திமிறியதில், உடைந்த ஈட்டி மிதவையின் கீழ்க் குழாயைக் கிழித்துவிட்டது. மிதவை தொய்ந்து தண்ணீருக்குள் அமிழ்ந்தது. ஒட்டுப் போட்டார், கட்டினார். நிற்கவில்லை. மறுபடி கட்டினார். பத்து நாட்கள், பாதி தண்ணீரில் கிடந்து, இரவும் பகலும் காற்றடித்தபடி. உடம்பெல்லாம் உப்புப் புண். பிடிவாதமாகப் புதுப்புது விதத்தில் கட்டிப் பார்த்து, கடைசியில் நிற்க வைத்தார். அந்தப் பத்து நாட்களில் அவர் மனம் உடையவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடைந்ததை அவரே எழுதியிருக்கிறார். உடைந்த மனதோடும் கை காற்றடித்துக்கொண்டிருந்தது.

உதவி வராதா? வந்திருக்க வேண்டும். ஒன்பது கப்பல்களை அவர் பார்த்தார். ஒன்றுகூட அவரைப் பார்க்கவில்லை. அவசரச் சமிக்ஞைக் கருவியையும் முடுக்கினார். ஆனால் அந்தக் காலத்துக் கருவியின் ஒலியை, அந்தப் பக்கமாகப் பறக்கும் விமானம்தான் கேட்டாக வேண்டும். அங்கே கேட்க யாரும் இல்லை. இத்தகைய சமிக்ஞைகளை விண்ணிலிருந்து கேட்கும் முதல் துணைக்கோள் 1982 ஜூன் மாத இறுதியில்தான் ஏவப்பட்டது. அவர் கரை சேர்ந்து இரண்டு மாதங்களுக்குப் பிறகு.

ஆனால் ஓர் உதவி, பத்து ஆண்டுகளுக்கு முன்பே புறப்பட்டு வந்து அவருடைய பைக்குள் இருந்தது.

1972-இல் டூகல் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பாய்மரக் கப்பலைப் பசிபிக் கடலில் கொலைகாரத் திமிங்கிலங்கள் மோதி மூழ்கடித்தன. மனைவி, மூன்று மகன்கள், கூட வந்த ஓர் இளைஞர் என ஆறு பேர். ரப்பர் மிதவையும் பாதி வழியில் கைவிட்டுவிட, மூன்று மீட்டர்கூட இல்லாத ஒரு சின்னஞ்சிறு படகில் ஆறு பேரும் நெருக்கி உட்கார்ந்து, ஆமை பிடித்துத் தின்று, மழைநீர் குடித்து, 38-ஆம் நாள் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலால் காப்பாற்றப்பட்டார்கள். ராபர்ட்சன் வீட்டுக்குப் போய், பட்ட பாட்டைக் கதையாக எழுதியதோடு நிற்கவில்லை. அடுத்தவனுக்குப் பயன்படட்டும் என்று கடலில் உயிர் பிழைப்பதற்கான கையேடு ஒன்றையும் எழுதினார். கலஹன் உயிரைப் பணயம் வைத்து முங்கி எடுத்த பையில் அந்தக் கையேடு இருந்தது.

ராபர்ட்சன் கற்றதைக் கலஹன் படித்தார். கலஹன் கற்றது புதுச்சேரிப் பையனின் படத்துக்குள் வந்தது. அதை என் மகள் ஈப்போவில் சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். படத்தில் பை தன் படகில் ஒரு கையேட்டைக் கண்டெடுத்துப் படிப்பான், நினைவிருக்கிறதா? அந்தக் காட்சியை நான் இனி சாதாரணமாகப் பார்க்க முடியாது.

ஏப்ரல் 20-ஆம் தேதி இரவு, கலஹனுக்கு விளக்குகள் தெரிந்தன. குவாதலூப்பைச் சேர்ந்த மாரி கலாந்த் என்னும் தீவு. மறுநாள் காலை ஒரு மீன்பிடிப் படகு அவரை நோக்கி வந்தது. அவரைத் தேடி வந்த படகல்ல. மிதவைக்கு மேலே கடற்பறவைகள் வட்டமடித்தன. பறவை வட்டமிட்டால் கீழே மீன் இருக்கும் என்பது மீனவர் கணக்கு. 1,800 மைல் கூடவே வந்த அந்த மீன்கள் பறவைகளைக் கூப்பிட்டன. பறவைகள் மனிதர்களைக் கூப்பிட்டன. கப்பல்கள் ஒன்பது தவறவிட்டதை, மீன் தேடி வந்த சிறு படகு கண்டுபிடித்தது.

அதன்பின் நடந்ததுதான் என்னை உலுக்கியது. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்து எலும்பும் தோலுமாக இருந்த மனிதர், உடனே கரைக்குக் கொண்டுபோங்கள் என்று கெஞ்சவில்லை. என்னிடம் தண்ணீர் இருக்கிறது, நான் காத்திருக்கிறேன், நீங்கள் மீன் பிடியுங்கள் என்றார். அவர்கள் மீன் பிடித்து முடிக்கும்வரை, அதுநாள்வரை சேர்த்து வைத்திருந்த தண்ணீரை ஆசை தீரக் குடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

76-ஆம் நாளிலும் அவரிடம் தண்ணீர் மிச்சம் இருந்தது. எங்களுக்கு முதல் மணி நேரத்திலேயே தீர்ந்துவிட்டது.

அந்த லூமுட் பயணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சில பழக்கங்கள் வந்துவிட்டன. கடலுக்குப் போனால் எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். பாதுகாப்புச் சட்டையை ஏறியதுமே போட்டுக்கொள்வோம். விழுந்தபிறகு அலையில் அதை மாட்டுவது நடக்கிற காரியமில்லை. விசில், கைவிளக்கு, தொப்பி, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் கூடுதலாக. சிக்னல் கிடைத்தால் 999. மலேசியாவில் அந்த எண் வழியாகவே கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கும் தகவல் போகும். படகு நின்றுவிட்டால் நீந்திக் கரை சேரலாம் என்று குதிக்கக் கூடாது. தேடுகிறவர் கண்ணுக்குத் தலையைவிடப் படகுதான் முதலில் தெரியும். இதெல்லாம் பெரிய வித்தையில்லை. கரையில் இருக்கும்போது ஐந்து நிமிடம் செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குத் தொலைபேசி போட்டேன். இப்போது 74 வயது, காது கொஞ்சம் மந்தம். கலஹன் கதையைச் சத்தமாக, முழுசாகச் சொன்னேன். மகளும் பக்கத்தில் நின்று விட்ட இடங்களை எடுத்துக் கொடுத்தாள். மாமா 'உம்' கொட்டிக்கொண்டே கேட்டார். தண்ணீரை மிச்சம் வைத்த இடம் வந்ததும், "சாயந்திரம் என்ன குடிப்பேன்னு அன்னைக்கே கேட்டேன்ல" என்று சொல்லப்போகிறார் என எதிர்பார்த்தேன்.

அவர் கேட்டது வேறு: "சரிப்பா, அந்த மீன்காரனுங்களுக்கு மீன் கிடைச்சிச்சா?"

கிடைத்தது மாமா. நிறையவே கிடைத்தது.